கிழக்கு மூலைப் பாத்தி

கேரட்டைப் பிடுங்கியதும் கழுவக் கூடாது. ஒட்டியிருக்கிற மண்ணோடு நிழலில் வைத்தால் ஒரு வாரம் வாடாமல் இருக்கும். கழுவினால் இரண்டே நாளில் துவண்டுவிடும். தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன், உங்கள் காகிதத்தில் தப்பாக ஏறிவிடக் கூடாது. நான் டீச்சர் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தேன். குடுவை கழுவுவது, அமிலத்தை அளந்து வைப்பது, பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்குவது. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பழக்கதோஷத்தில் கிளம்பி வாசல்வரை வந்துவிட்டேன். எங்கே போவது என்று தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படி ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் தோட்டம். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த நகராட்சி இடம். நானும் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்தோம். அவரை நான் டிரைவர் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கண்ணாடித் துண்டையும் பழைய டயரையும் பொறுக்கியே முதல் ஆறு மாதம் ஓடிப்போனது. பிறகு நாற்பது பாத்தி பிரித்தோம். ஒரு பாத்திக்கு ஒரு குடும்பம். சங்கமாகப் பதிவு செய்தோம். நான் தலைவி, அவர் செயலாளர், சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் நாலு பக்கத்திலிருந்தும் "டீச்சர், இங்க கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும். கூப்பிட ஆளில்லாத வீட்டில் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இடத்தை வாகன நிறுத்தமாக்கப் போகிறார்களாம். அன்றிலிருந்து பதினான்கு மாதம் அந்த அலுவலகத்துக்கு நாயாய் அலைந்தேன். ஒரு மேஜையில் அடுத்த மேஜையைக் காட்டுவார்கள். அடுத்த மேஜையில் ஆள் இருக்காது. ஒருநாள் வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. போனால் வரிசையில் இடம் போய்விடும். முழங்கை சிராய்ப்போடு அதே இடத்தில் நின்றேன். என் தொல்லை பொறுக்க முடியாமல்தான் கடைசியில் அந்த அதிகாரி மனசு இறங்கினார்.

"அஞ்சு வருஷம் வாங்கித் தரேன்மா. ஆனா நாற்பது பாத்தியிலயும் காய்கறி இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆள் வந்து எண்ணுவாங்க. ஒண்ணு தரிசா கிடந்தாலும் ரத்துதான். அப்புறம், மண் பரிசோதனை அறிக்கை வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கோப்புல சேரலன்னா மூடிடுவாங்க. அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார்.

டிரைவர் தம்பி நான்கு மூலையிலும் மண் எடுத்துப் பொட்டலம் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். சங்கத் தலைவி என்ற முறையில் அறிக்கை என் வீட்டு விலாசத்துக்கு வந்தது. புதன்கிழமை மத்தியானம். அடுப்பை அணைத்துவிட்டுப் பிரித்தேன்.

மூன்று மூலைகளில் ஒரு குறையும் இல்லை. கிழக்கு மூலையில் ஈயம் இரண்டாயிரத்து நூறு. நானூறைத் தாண்டினாலே சாப்பிடுகிற பயிர் எதுவும் வைக்கக் கூடாது. அடியில் தனியாக எழுதியிருந்தார்கள்: சிறு பிள்ளைகளை அந்த மண்ணில் விட வேண்டாம், மண்ணை அகற்றும்வரை இடத்தை மூடிவைக்கவும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபத்தொன்பது வருஷம் ஆய்வகத்தில் இருந்தவள். எப்படி வந்தது என்பதும் தெரியும். முன்னொரு காலத்தில் அந்த மூலையில் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்ததாக டிரைவர் தம்பி ஒருமுறை சொல்லியிருந்தார்.

அன்று மாலை முழுக்க அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். மண்ணை அள்ளி மாற்ற வேண்டுமென்றால் நகராட்சிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மூடுவார்கள். மூடினால் ஒரு பருவம் தரிசு. அதோடு முடிந்தது கதை. முப்பத்தொன்பது பாத்தியில் ஒரு கோளாறும் இல்லை, ஒரே ஒரு மூலைக்காக எல்லாம் போய்விடும். அவ்வளவு பேரும் எங்கே போவார்கள்? நான் எங்கே போவேன்?

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து அறிக்கையைப் புதிதாக அடித்தேன். இரண்டு பூஜ்யங்களை எடுத்தேன். இரண்டாயிரத்து நூறு, இருபத்தொன்று ஆனது. அடியில் எழுதியிருந்ததை விட்டுவிட்டேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

அன்றைக்கே டிரைவர் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி. எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்பாடா. அந்தக் கொட்டகை ஞாபகம் வந்து எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

"கண்டதையும் நினைச்சு உடம்பக் கெடுத்துக்காதீங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை கோப்பில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கைதட்டினார்கள்.

கிழக்கு மூலைப் பாத்தி என்னுடையது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வெயில் விழுகிற இடம், தோட்டத்திலேயே பெரிய பாத்தி, ஒன்பது வருஷம் நான் பார்த்துப் பார்த்து மக்கு உரம் போட்டது. அதில் விளைந்ததைத்தான் அத்தனை வருஷமும் சாப்பிட்டேன். பக்கத்து ஊருக்குப் போய், யாருக்கும் தெரியாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஈயம் இருந்தது. அந்த ஊர் டாக்டர் நிதானமானவர். "வயசானவங்க கொஞ்சம் தாங்குவாங்க. எங்கேருந்து வருதுன்னு பாத்து நிறுத்திடுங்க" என்றார். நிறுத்திவிட்டேன். ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தது. ரொம்ப நாளாக இருந்த வயிற்றுவலியும் போய்விட்டது.

ஆனால் பாத்தியை நான் விட்டால் அது காலியாக இருக்கக் கூடாதே. பூச்செடி வைத்திருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். காய்கறி என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தவிர, அத்தனை வருஷம் கீரையும் கேரட்டும் போட்டவள் திடீரென்று பூச்செடி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் அடுத்த கேள்வி வரும்.

பாத்திக்காகக் காத்திருந்தவர்கள் பட்டியலில் ஆறு பெயர் இருந்தது. முதல் பெயர் ஒரு வயதான தம்பதி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்தப் பெரியவர் எதையும் நோண்டுகிறவர். விதை வாங்கினால்கூட எங்கே வாங்கினீர்கள், எப்போது வாங்கினீர்கள் என்று கேட்பார். அடுத்தது ஒரு பொறியாளர். அவரும் சரிப்பட மாட்டார். மூன்றாவது பெயர் ஒரு தையல்காரப் பெண். கணவன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம். மூன்றாவது மாடியில் ஒரே அறை, அதில் ஒரு தையல் மிஷின், நாலு வயதில் ஒரு மகள். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறவள். சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

அவளுக்குக் கொடுத்தேன்.

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "எனக்கு வயசாகிடுச்சு, குனிஞ்சு நிமிர முடியல. என் பாத்திய இந்தப் பொண்ணுக்குக் குடுக்கறேன்." அந்தப் பெண் எழுந்து வந்து என் காலைத் தொடப் போனாள், நான் விடவில்லை.

"உங்க சொந்தப் பாத்தியவா டீச்சர்? எனக்கா?" என்றாள்.

டிரைவர் தம்பி அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே, "அக்கா மாதிரி மனசு யாருக்கு வரும்" என்றார்.

அந்தக் குழந்தை ஓயாமல் பேசும். செடியிடம் பேசும், மண்புழுவிடம் பேசும், பூவாளியை விசாரிக்கும். டிரைவர் தம்பிதான் அதற்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். "ரேடியோ வந்தாச்சா, இன்னிக்கு என்ன செய்தி" என்று தூக்கிக்கொள்வார். அதுவும் அசராமல், "இன்னிக்கு மழ வரும், ஆனா வராது" என்னும். அம்மா களை எடுக்கும்போது அது பாத்திக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். கேரட்டைப் பிடுங்கி, கவுனில் ஒரு துடை துடைத்து, அப்படியே கடிக்கும். விரல் எப்போதும் வாயில்தான். நான் பார்ப்பேன். எத்தனையோ தடவை "கைய வாயில வைக்காதடி செல்லம்" என்று சொல்லியிருக்கிறேன். இதற்குச் சாட்சி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

என் மகள் அந்தச் சமயத்தில்தான் என்னோடு சண்டை போட்டாள். அவளுக்கும் ஒரு பையன், ரேடியோவைவிட ஆறு மாதம் பெரியவன். முன்பெல்லாம் வாராவாரம் ஒரு பை நிறையக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பேன். நிறுத்திவிட்டேன். அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கற, பாத்தியையே தூக்கிக் குடுத்துட்ட. உன் பேரனுக்கு ஒரு கேரட் குடுக்க மனசு வரல இல்ல?" என்றாள்.

கடையில் வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் ஆறு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆறு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷம் ஆவதற்குள் குழந்தை வெளுத்துப்போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை, எப்போது பார்த்தாலும் வயிற்றுவலி, தொட்டதற்கெல்லாம் அழுகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என்னிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்றாங்க டீச்சர். என்ன குடுக்கலாம்?"

சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். டீச்சர் என்ன சொல்வார் என்று.

"கீரை குடும்மா" என்றேன். "நிறைய குடு."

வேறென்ன சொல்ல முடியும் சொல்லுங்கள். ரத்தக்குறைவுக்குக் கீரை கொடு என்றுதான் யாரும் சொல்வார்கள். எதிரே அவள் பாத்தியில் கீரை தளதளவென்று நின்றது. அவள் அன்றைக்கே இரண்டு கட்டு அறுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஈயம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ரேடியோ படுத்திருந்தது. கையில் ஊசி. அந்தப் பெண்ணிடம் டாக்டர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். சுவரில் பழைய பெயின்ட் உதிர்கிறதா, தண்ணீர்க் குழாய் எது, குழந்தை எதை வாயில் வைக்கும்.

"எனக்கு ஒண்ணும் புரியல டீச்சர். எங்கேருந்து வந்திருக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. மறுவாரம் நகராட்சி ஆள் எண்ண வருகிற வாரம். என் கண்ணில் அவள் மடியில் இருந்த தையல் பை பட்டது.

"உங்கிட்ட பழைய பொத்தான் டப்பா ஒண்ணு இருக்குமே. குழந்த அதை வச்சுத்தான விளையாடும்? பழைய உலோகம், என்னத்தக் கலந்து செஞ்சிருக்காங்களோ" என்றேன்.

அவள் முகம் செத்துப்போய்விட்டது. வீட்டுக்கு ஓடிப்போய், பொத்தான் டப்பா, கொக்கி டப்பா, ஜிப்பு, ஊசி எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டாளாம். மிஷினையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அறையில் தையல் சாமானே இருக்கக் கூடாது என்று. பிறகு ஒரு அலுவலகத்தில் தரை துடைக்கப் போனாள். "என் தொழில்தான் டீச்சர் என் பிள்ளைய இப்படி ஆக்கிடுச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஈயத்தை இறக்கினார்கள். குழந்தை தேறியது. மெல்லிய குரலில் பேச்சும் வந்தது. டாக்டர் சத்தான சாப்பாடு, பச்சைக் காய்கறி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் நேராகத் தோட்டத்துக்குத்தான் வந்தாள்.

"இனிமே கடைல எதையும் வாங்கறதில்ல டீச்சர். எல்லாம் நம்ம பாத்தியிலேருந்துதான். இது ஒண்ணுதான் சுத்தம்னு நம்பிச் சாப்பிடலாம்."

குழந்தையைப் பழைய இடத்தில் உட்காரவைத்தாள். நான் எதிரே இருந்த குழாயில் பூவாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரம்பி வழிந்து செருப்பெல்லாம் நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன். அன்று எனக்கு மனசு சரியில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் மீதி இருக்கிறது, அதற்குள் எப்படியாவது சத்தமில்லாமல் மண்ணை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உண்மையிலேயே மாற்றுவதாகத்தான் இருந்தேன்.

நான்காவது மாதம் இரண்டாவது வலிப்பு வந்தது. முதல் தடவை மாதிரி இல்லை. விட்டு விட்டு ஒரு பகல் முழுக்க வந்தது. கண் விழித்தபோது அம்மாவை அடையாளம் தெரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

பொத்தான் போன பிறகும் ஈயம் எப்படி ஏறியது என்று டாக்டர் திரும்ப முதலிலிருந்து விசாரித்தார். தோட்டம் என்ற பேச்சு வந்தது. அங்கே மண் சுத்தம், பரிசோதனை செய்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் அடித்துச் சொன்னாளாம். அப்படியானால் அந்த அறிக்கையைக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். பாவம், டிரைவர் தம்பி உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே நேரில் போய், முத்திரை போட்ட நகல் வாங்கினார். அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"அக்கா, இதுல ரெண்டாயிரத்து நூறுன்னு இருக்கு."

"ஆமா."

"நீங்க குடுத்ததுல இருபத்தொண்ணு."

"ஆமா தம்பி."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தெரிஞ்சேதான் அந்தப் பொண்ணுக்குக் குடுத்தீங்களா?"

"நாற்பது குடும்பம் தம்பி" என்றேன்.

"முப்பத்தொம்பது" என்றார் அவர்.

கதவைச் சாத்தாமல் போய்விட்டார். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வருவார் என்று தெரியும். நான் தலை சீவிக்கொண்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணுலதான் இருந்துச்சாம் டீச்சர். உங்களுக்குத் தெரியாதுதான? நீங்களும் அதத்தான சாப்பிட்டீங்க. தெரியாதுதான?"

"தெரியாதும்மா" என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். பொய்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அந்த ஆறுதல் தேவையாக இருந்தது. அதையும் நான் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

நான் எதையும் மறைக்கவில்லை, பார்த்தீர்களா. அறிக்கையை மாற்றியது நான். தெரிந்தே பாத்தியைக் கொடுத்தது நான். கீரை கொடுக்கச் சொன்னது, பொத்தான் மேல் பழியைப் போட்டது, குழந்தை திரும்ப வந்தபோது குழாயடியில் பேசாமல் நின்றது, எல்லாம் நான்தான். அசல் அறிக்கை என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கிழிக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

தோட்டத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இந்த வெயிலுக்கு எல்லாம் கருகியிருக்கும்.

நேற்று என் மகளோடு பேச அனுமதித்தீர்கள். "எங்களுக்குக் குடுக்காம விட்டது இதனாலதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் பின்னால் பேரன் குரல் கேட்டது. ஏதோ பாட்டை ஒரு சொல் விடாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு தெளிவான பேச்சு. அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்.